முப்பத்திரண்டு பாயின்ட்

"உங்க கிரெடிட் ஸ்கோர் 588," என்றார் வாடகை வீட்டு அலுவலகத்துத் திருமதி லெவெக், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது போதுமா மேடம்?"

"620 வேணும்."

"கிட்டத்தட்ட வந்துட்டேனே!"

"கிட்டத்தட்ட வந்தவங்களுக்கு சாவியைக் கிட்டத்தட்டக் கொடுக்கலாமா, மிஸ்டர் கிரோ?"

நார்மன் கிரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். வயது நாற்பத்தெட்டு. லூயிஸ்டன் நகராட்சியில் குளிர்காலத்தில் சாலைப் பனியை வழித்துத் தள்ளும் லாரி ஓட்டுவான். கோடையில் அதே சாலையின் குழிகளில் தார் ஊற்றுவான். விவாகரத்து ஆன வருஷம் காலை முறித்துக்கொண்டு படுத்ததில் டிரக் கடனுக்கு மூன்று தவணை தவறிப்போனது. ஒருவன் கடனை ஒழுங்காகக் கட்டுகிறானா என்று சொல்லும் அந்த ஸ்கோரில் அந்த மூன்று தவணையும் இன்றுவரை அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்துகொண்டிருந்தன.

"வேற வழியே இல்லையா?"

"750க்கு மேல ஸ்கோர் இருக்கிற யாராவது உங்களுக்காக ஜாமீன் போட்டா சரி."

"ஜாமீனா? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

"எங்க இருக்கீங்கன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்களே. தம்பி வீட்டுக் கொல்லையில, கேம்பர் வண்டிக்குள்ள."

உண்மைதான். இரண்டு வருஷமாக அவன் குடித்தனம் அந்த வண்டிக்குள்தான். நின்றால் தலை இடிக்கும், படுத்தால் கால் இடிக்கும். இளைய மகள் ஜோசிக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை மதியம் நாலு மணி நேரம் வருவாள், அப்புறம் அம்மா வந்து கூட்டிப்போய்விடுவாள். வாரத்துக்கு மூன்று ராத்திரி ஜோசி அவனோடு தங்கலாம் என்று முன்னாள் மனைவி பாலெட் காகிதத்தில் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு. செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் குழந்தைக்குக் கதவு உள்ள தனி அறை வேண்டும். "கதவு, நார்மன். போர்வையைத் தொங்கவிட்டு அதைக் கதவுன்னு சொல்லாத," என்று போனில் விளக்கமும் சொல்லியிருந்தாள். அவனை நன்றாகத் தெரிந்தவள்.

திருமதி லெவெக் கையில் இருந்த வீட்டில் அறை இரண்டு, கதவும் இரண்டு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் யாரும் போட்டிக்கு வரவில்லை.

"ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரைக்கும் வச்சிருக்கேன்," என்றார் அந்த அம்மாள், கொஞ்சம் இரங்கி. "அஞ்சு மாசம் இருக்கு. முப்பத்திரண்டு பாயின்ட்தானே? ஆனா ஒண்ணு, வீட்டுக்காரர் லபிரெக்கிட்டப் போய் அழுது காரியம் சாதிக்கலாம்னு நினைக்காதீங்க. நானே அழுது பாத்திருக்கேன். சம்பளத்துக்கு."

"அழறதா? நானா?" நார்மன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "ஆகஸ்ட் முப்பத்தொண்ணு அன்னிக்கு வர்றேன். சாவியைத் துடைச்சு வைங்க."

மறுநாள் வேலையில் விஷயத்தைச் சொன்னதும் டுவெய்ன் விழுந்து விழுந்து சிரித்தான். இருபது வருஷமாக நார்மனோடு ஒரே லாரியில் உட்கார்ந்து வருகிறவன் அவன்.

"டேய், என் ஸ்கோர் என்ன தெரியுமா? 731!"

"உனக்கா? அடகுக் கடையில உன் ஜெனரேட்டரை மூணு தடவை மீட்டவன் நான்."

"அதான்டா விஷயம். என் பொண்டாட்டி அவ கார்டுல என் பேரைச் சேத்துட்டா. அனுமதி பெற்ற பயனாளின்னு அதுக்குப் பேரு. அவ மாசாமாசம் ஒழுங்காக் கட்டறா. அந்த நல்ல பேரு என் கணக்குலயும் ஏறுது. நான் சோபாவுல சாஞ்சு ஹாக்கி பாக்கறேன்."

"நீ எதுவுமே செய்ய வேண்டாமா?"

"செய்யக் கூடாது. அந்தக் கார்டைத் தொட்டேன்னா என் கையை ஒடிச்சிடுவா."

நார்மனுக்குத் தெரிந்த நல்ல ஸ்கோர் ஒன்றே ஒன்றுதான். மூத்த மகள் டெஸ்ஸாவுடையது. இருபத்திரண்டு வயது, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அவள் ஸ்கோர் 758 என்பது நார்மனுக்கு மட்டுமல்ல, அவள் வீட்டுக்குத் தபால் கொண்டுவருகிறவருக்கும் தெரியும். பெரிய எழுத்தில் அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள்.

"758 சும்மா வராதுப்பா," என்றாள் டெஸ்ஸா, அவன் கேட்டு முடிப்பதற்குள். "ஒழுக்கம் வேணும். ரெண்டே வருஷந்தான் ஆச்சு நான் கார்டு வாங்கி. என் வயசுக்காரங்க எல்லாம் 680ல தடுமாறிக்கிட்டிருக்காங்க. நான் எங்க இருக்கேன்?"

"758ல."

"எதனால?"

"ஒழுக்கத்தால."

"உன்கிட்ட அது இருந்திருந்தா இப்ப என்கிட்ட வந்து நிப்பியா?"

பெற்ற மகளிடம் இப்படிக் கேட்டு வாங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. நார்மன் ஜோசியின் கதவை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். "இல்ல கண்ணு. நீ சொல்றது சரிதான். ஜாமீனெல்லாம் வேண்டாம், என் வாடகை உன் தலையில விழக் கூடாது. கார்டுல பேரை மட்டும் சேத்துக்கறியா?"

சேர்த்துக்கொண்டாள். பத்து நாளில் நார்மன் பெயர் போட்ட கார்டு தபாலில் அவள் வீட்டுக்கு வந்தது. அவன் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று போனபோது டெஸ்ஸா ஒரு தயிர் டப்பாவில் தண்ணீர் பிடித்து, கார்டை அதற்குள் போட்டு, உறைபெட்டியில் பட்டாணிப் பையின் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"காப்பு. உனக்கு ஏதாவது வாங்கணும்னு ஆசை வந்தா முதல்ல இது உருகணும். இது உருகறதுக்குள்ள ஆசை உருகிடும். மைக்ரோவேவ்ல வச்சா கார்டு செத்துடும், அதையும் சொல்லிட்டேன்."

"எனக்கு எந்த ஆசையும் இல்ல. ஸ்கோர் மட்டும் போதும்."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க," என்றாள், போதை மறுவாழ்வு நிலையத்து டாக்டர் போல.

ஜூன் முதல் வாரம் நார்மனின் ஸ்கோர் 607 ஆனது.

அந்தச் சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் பீன்ஸ் விருந்து. தட்டை ஏந்தி வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் நார்மன் கேட்காமலே அறிவித்தான். "இன்னும் பதிமூணு பாயின்ட்! ஒரு விரலை அசைக்கல!" பீன்ஸ் பரிமாறிய அம்மாள் வாழ்த்துச் சொல்லி இன்னொரு கரண்டி போட்டார். ஜோசி கணக்குப் போட்டுப் பார்த்து, "இன்னும் ஒரே மாசம்ப்பா," என்றாள். தன் அறைக்கதவு மஞ்சளாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை டெஸ்ஸாவின் காரில் கியர் பெட்டி உடைந்தது.

பழுதுபார்க்க 2,100 டாலர். டெஸ்ஸா அதைக் கார்டில் போட்டாள். அந்தக் கார்டின் வரம்பே 3,000தான். மாதக் கடைசியில் அவள் ஸ்கோர் 721க்கு இறங்கியது. அதே கார்டில் தொற்றிக்கொண்டிருந்த நார்மனின் ஸ்கோர் 579.

"நான் ஆரம்பிச்ச இடத்துக்கும் கீழ போயிட்டேனே!" என்று போனில் கத்தினான் நார்மன்.

"கத்தாத. கார்டுல முக்கால்வாசி நிரம்பிப்போச்சு, அதான். நாலு மாசத்துல கட்டிடுவேன், தானா ஏறிடும். ஒழுக்கமா இருக்கறவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"எனக்கு நாலு மாசம் இல்ல. ரெண்டு மாசந்தான் இருக்கு."

"அப்ப நான் என்ன, வேலைக்கு நடந்து போகவா?"

நியாயமான கேள்வி. நார்மன் வண்டிக்குள் படுத்துக்கொண்டு யோசித்தான். வீட்டு முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்த 2,400 டாலர் இருந்தது. அதைத் தொட்டால் ஸ்கோர் வந்தும் பிரயோஜனம் இல்லை. மற்றபடி அவன் கையில் இருந்தது டிரக்குக்குப் பெட்ரோல் போட மட்டும் வைத்திருந்த ஒரு பழைய கார்டு. மாதம் அறுபது, எழுபது டாலர் ஆகும். பில் வந்ததும் மொத்தமாகக் கட்டிவிடுவான். ஓரமெல்லாம் தேய்ந்த அந்தக் கார்டை அவன் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. வரம்பு 2,500. அந்த வங்கி அவ்வப்போது அவனுக்குக் காசோலைகள் அனுப்பிக்கொண்டிருக்கும், 'உங்கள் மற்றக் கடன்களை எங்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சிரித்த முகப் படத்தோடு. இதுவரை அதையெல்லாம் அடுப்பு மூட்டத்தான் பயன்படுத்தியிருந்தான்.

இந்த முறை ஒன்றை எழுதி, மகளின் கார்டுக் கணக்குக்கு அனுப்பிவிட்டான். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் டெஸ்ஸா வண்டியின் கதவைத் தட்டித் திறந்து அவனைக் கட்டிக்கொண்டாள். "பாக்கி பூஜ்யம்னு காட்டுதுப்பா! நீதானா?"

"வேற யாரு? ஒரு அப்பன் இதுகூடச் செய்ய மாட்டானா?" நார்மனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மகளுக்குக் கொடுக்கிற இடத்தில் இருந்தான். அந்தச் சந்தோஷம் சரியாகப் பதினெட்டு நாள் நீடித்தது.

ஜூலைக் கடைசியில் புதுக் கணக்கு வந்தது. நார்மன் 574. அவனுக்குக் காரணம் புரிந்தது. கடன் எங்கும் போகவில்லை. மகளின் கார்டிலிருந்து இறங்கி அவனுடைய கார்டில் ஏறி உட்கார்ந்து, அதை விளிம்புவரை நிரப்பிவிட்டிருந்தது. இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டதற்கு வழியில் கட்டணமும் பிடித்திருந்தார்கள்.

புரியாதது ஒன்றுதான். டெஸ்ஸாவின் ஸ்கோர் 716.

"எப்படிப்பா?" அவள் மருத்துவமனைச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் உறைந்த தயிர் டப்பா. "என் கடன் அடைஞ்சிருச்சு. ஏறணும். இன்னும் அஞ்சு இறங்கியிருக்கு! உண்மையைச் சொல்லு, இதை உருக்கினியா?"

"நான் உன் வீட்டுப் பக்கமே வரலையே!"

"சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்கு." டப்பாவைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "நான் வைக்கும்போது இந்த மூலையில குமிழி இல்ல."

"ஐஸ்னா குமிழி இருக்கும்டி. முப்பது வருஷமா ஐஸ்லதான் வண்டி ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"உருக்கி, எதையாவது வாங்கிட்டு, திரும்ப உறைய வச்சிருக்க!"

"என்னத்த வாங்கினேன்? இந்த வண்டியைப் பாரு. இதுல புதுசா ஒரு ஸ்பூன் வச்சாக்கூட நான் வெளியில போய் நிக்கணும்."

டெஸ்ஸா உள்ளே எட்டிப் பார்த்தாள். புதுசாக எதுவும் இல்லை. சுவரில் ஜோசி வரைந்து ஒட்டிய மஞ்சள் கதவின் படம் மட்டும் இருந்தது. அதைக் கண்டதும் டெஸ்ஸாவின் குரல் தணிந்தது.

"அப்ப ஏன்ப்பா இறங்குச்சு? நான் எந்தத் தப்பும் பண்ணலையே."

"அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றான் நார்மன். "விடு. என் பக்கத்தை நான் சரி பண்றேன்."

சரி பண்ணுவதற்கு அவனிடம் விற்க ஒரு பொருள்தான் இருந்தது. ஏரி உறைந்த பிறகு அதன்மேல் இழுத்துப்போய் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் மரக்குடிசை. சொந்தக் கையால் கட்டியது. உள்ளே சின்ன அடுப்பு, இரண்டு பெஞ்சு. விவாகரத்தில் வீடு போனது, நாய் போனது. அந்தக் குடிசைக்காக மட்டும் மூன்று மாதம் சண்டை போட்டு ஜெயித்திருந்தான். டுவெய்ன் பல வருஷமாக அதன்மேல் கண் வைத்திருந்தான்.

"2,200 தர்றேன். அழுதுடாத."

"அழல. கண்ணுல தார்ப்புகை."

"இன்னிக்கு லீவு நாள்டா."

நார்மனுக்கு அழுகை வந்தது நிஜம். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். அன்றைக்கே பழைய கார்டின் கடன் மொத்தத்தையும் கட்டினான். கட்டி முடித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்தக் கார்டு மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் காசோலையை எழுதியிருக்க மாட்டான். எழுதாமல் இருந்திருந்தால் குடிசை போயிருக்காது. வங்கிக்குப் போன் போட்டான்.

"கார்டை மூடணும்."

"சார், நீங்க ரொம்பப் பழைய வாடிக்கையாளர். மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சு..." என்று இழுத்தாள் வங்கிப் பெண்.

"பழசாயிடுச்சு, அதான் மூடச் சொல்றேன்."

"சில சலுகைகள் இருக்கு சார். பெட்ரோலுக்கு ரெண்டு சதவீதம்..."

"தங்கச்சி, நான் ஒரு குடிசையையே வித்துட்டு வந்திருக்கேன். ரெண்டு சதவீதத்தைக் காட்டி என்னைச் சீண்டாத. மூடு."

மூடினாள். நார்மன் கத்தரிக்கோலால் கார்டை எட்டுத் துண்டாக வெட்டி, தார்ச் சட்டியில் போட்டு, ஒரு சாலைக் குழிக்குள் ஊற்றி, அதன் மேல் உருளை ஓட்டினான். டுவெய்ன் தொப்பியைக் கழற்றி மரியாதை செலுத்தினான்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலை. நார்மன் 569. டெஸ்ஸா 704.

அவள் வண்டிக்குள் வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாள் கசங்கிப்போய் அவள் கையில் இருந்தது.

"ஒரு காசு கடன் இல்ல. ஒரு நாள் தவறல. பன்னெண்டு பாயின்ட் போயிருச்சு. என் ஒழுக்கத்துக்கு என்னப்பா ஆச்சு?"

நார்மனுக்குத் தன்னுடைய 569 மறந்துபோனது. "என்னாலதான் கண்ணு. நான் ஏறினதுலருந்துதான் உன் கார்டு கவுந்துச்சு. எம்பேரை எடுத்துடு. நான் வேற வழி பாத்துக்கறேன்."

"என்ன வழி?"

"கேம்பருக்குள்ள ஒரு கதவு செய்யலாம்னு அளந்து பாத்தேன். கதவு வைக்க முடியும். வச்சா நான் உள்ள வர முடியாது."

டெஸ்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் பிடிவாதம் அவளுக்கும் ரத்தத்தில் வந்திருந்தது. "உன் பேரை நான் எடுக்கப்போறதில்ல. நாளைக்கு உன்கூட வர்றேன். ஜாமீன் நானே போடறேன்."

"வேண்டாம்னு ஏப்ரல்லயே சொன்னேனே. என் வாடகை உன் தலையில..."

"ஏப்ரல்ல நீ கேட்டிருந்தா என்கிட்ட 758 இருந்துச்சு! உன் கௌரவத்தைத் தயிர் டப்பாவுல போட்டு வச்சிருக்கணும். வாயை மூடிட்டுக் கிளம்பு."

மறுநாள் மாலை நாலரை மணி. அலுவலகம் ஐந்துக்கு மூடும். திருமதி லெவெக் இரண்டு பேருடைய எண்களையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் கிரோ, அஞ்சு மாசத்துல நீங்க பத்தொன்பது பாயின்ட் இறங்கியிருக்கீங்க. இதுக்கு ரொம்ப உழைச்சிருக்கணுமே."

"உழைச்சேன் மேடம்."

"ஜாமீனுக்கு 750 வேணும். இவங்க 704. நான் என்ன பண்ண?"

"அந்த வீட்டை எனக்குக் கொடுக்க வேண்டியது," என்றான் நார்மன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "வாடகையை முன்னாடியே தர்றேன். மாடிப்படியை நானே பெயின்ட் பண்றேன். குளிர்காலம் பூரா வாசல் பனியை இலவசமா வழிக்கிறேன். கொடுக்கறவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். என் மகளுக்கு ஒரு கதவு வேணும்."

"அஞ்சு மணிக்கு லைட்டை அணைச்சிடுவேன்."

"இருட்டுல உக்காந்திருப்பேன்."

"அப்பா, நானும் உக்காரவா?" என்று டெஸ்ஸா பக்கத்து நாற்காலியை இழுத்தாள்.

சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து வீட்டுக்காரர் லபிரெக் வந்தார். எழுபது வயது, மெலிந்த உடம்பு, இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிகள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாமீன்காரர்களுக்கு முழுக் கடன் அறிக்கையையும் அச்சடிப்பது அந்த அலுவலக வழக்கம். டெஸ்ஸாவின் அறிக்கை அச்சு இயந்திரத்தில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பொண்ணு, உன் வயசென்ன?"

"இருபத்திரண்டு."

"இதுல ஒரு கார்டுக்குப் பதினெட்டு வயசு ஆகுது. நாலு வயசுலயே கார்டு வாங்கிட்டியா?"

"இல்லையே! என்னுது ரெண்டு வருஷக் கார்டுதான். நான் எப்பவும் போன்ல நம்பரை மட்டுந்தான் பாப்பேன்."

"இது உன்னுது இல்ல. யாரோ அவங்க கார்டுல உன் பேரைச் சேத்திருக்காங்க. அனுமதி பெற்ற பயனாளின்னு போட்டிருக்கு." விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். "பதினெட்டு வருஷம். மாசாமாசம். ஒரு தடவைகூடத் தவறல. உன் ஸ்கோரைத் தாங்கி நின்னது இதுதான், இது சரிஞ்சா நீயும் சரிவ. உன் சொந்தக் கார்டு இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

டெஸ்ஸாவின் முகம் மெதுவாகச் சிவந்தது. "அப்ப என் ஒழுக்கம்?"

"அதுவும் இருக்கலாம்," என்றார் லபிரெக். "எனக்கு நம்பர்ல பெரிசா நம்பிக்கை கிடையாது. லெவெக் அம்மாதான் அதை வச்சு எல்லாரையும் பயமுறுத்துவாங்க. ஆனா பதினெட்டு வருஷம் தவறாமக் கட்டற ஆளு எப்படிப்பட்டவங்கன்னு எனக்குத் தெரியும், அந்த மாதிரி ஆளு ஊருக்கு ரெண்டு பேருதான் இருப்பாங்க. அந்த ஆளு இங்க வந்து இவருக்காக ஒரு கையெழுத்துப் போடட்டும். ஸ்கோர் கேக்க மாட்டேன். இந்தா சாவி." வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேசையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். "யாரு அது?"

"பேரு இல்லையா அதுல?" என்று கேட்டான் நார்மன்.

"கார்டுக்காரர் பேரை இதுல போட மாட்டாங்க. வங்கிப் பேரையே நாலு எழுத்தாச் சுருக்கி வச்சிருக்கான்."

டெஸ்ஸா யோசித்தாள். "அம்மாவாத்தான் இருக்கும். இந்த மாதிரி ஒழுங்கெல்லாம் நம்ம வீட்டுல அம்மாவுக்குத்தான்."

"அவளாத்தான் இருக்கும்," என்றான் நார்மன். கதவு வேண்டும் என்று நிபந்தனை போட்டவளிடமே போய், அந்தக் கதவுக்கு நீயே ஜாமீன் போடு என்று கேட்பதா? இதற்கு அந்தக் கேம்பரோடு ஏரியில் மூழ்கிவிடலாம். மணி நாலு ஐம்பத்திரண்டு. லபிரெக்கின் விரல்களுக்கு நடுவே சாவி தெரிந்தது. "கேளு," என்றான். "ஜோசிக்காகக் கேளு. கால்ல விழணும்னா விழறேன்."

டெஸ்ஸா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பாலெட் வேலை செய்யும் முடி திருத்தும் கடையின் இரைச்சல் அறை முழுக்க நிரம்பியது.

"அம்மா, சீக்கிரம் சொல்லு. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப உன் கார்டுல என் பேரைச் சேத்தியே, பதினெட்டு வருஷமா ஒரு மாசம் தவறாமக் கட்டினியே, அந்தக் கார்டுக்காரங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா அப்பாவுக்கு வீடு கிடைக்கும்."

முடி உலர்த்தும் இயந்திரம் நின்றது.

"என் கார்டா? எனக்கு ஏதுடி கார்டு? அது உங்கப்பா பெட்ரோல் போடற கார்டு. வீட்டாள் ஒருத்தரைச் சேத்தா மடக்கு நாற்காலி இலவசம்னாங்க, அந்த மனுஷன் உன் பேரை எழுதிக் கொடுத்துட்டு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தாரு!"